மற்றப் பக்கத்து நாற்காலி

அன்று நான் சொல்லாமல் விட்டவை இரண்டே சொற்கள்: எனக்குத் தெரியாது.

டொமினிக் அண்ணையின் உடலைப் பார்வைக்கு வைத்திருந்த மண்டபத்தில், செபமாலை தொடங்குவதற்கு முன், அவருடைய அக்கா ஸ்ரெல்லா என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"நன்றி பிள்ளை," என்றார். "வெளி ஆக்களுக்குள்ள உமக்கு ஒராளுக்குத்தான் தெரியும். நீர் ஒருத்தருக்கும் மூச்சு விடேல்லை. உம்மைப் பற்றி, அவளிட்டச் சொல்லிப்போட்டன், அவள் ஒண்டும் கேக்கேல்லை, முகத்தையும் மாத்தேல்லை, அவளோட இருக்கேக்க எனக்கு வருத்தமில்லாத மாதிரிக் கிடக்குதெண்டு அவன் எத்தினை தரம் சொன்னவன் தெரியுமே?"

செபமாலையை அவர் விரல்களில் சுற்றியிருந்தார். அதன் மணிகள் என் உள்ளங்கையில் அழுந்தின. நான் தலையை ஆட்டினேன். தலையை ஆட்டினால் அது பதிலாகிவிடும் என்பது ஆட்டும்போதே எனக்குத் தெரிந்திருந்தது.

"முப்பத்தோராம் நாளுக்கு ஒரு நினைவு மலர் அடிக்கிறம். நீர் ஒரு பக்கம் எழுதித் தாரும். நோய் வருத்தத்தைப் பற்றி மட்டும் வேண்டாம்," என்றார். அதற்கும் தலையை ஆட்டினேன்.

டொமினிக் அண்ணை இறந்த செய்தி எனக்கு வந்தது அதற்கு மூன்று நாள் முன்பு, வேலையிடத்தில், மதியச் சாப்பாட்டு நேரத்தில். தெரிந்த ஒருவர் ஒரு மரண அறிவித்தலின் இணைப்பைக் கைபேசிக்கு அனுப்பியிருந்தார். மன்னாரைப் பிறப்பிடமாகவும் கனடா விட்பியை வதிவிடமாகவும் கொண்ட என்று தொடங்கியது. இந்த அறிவித்தல்களை நாங்கள் எல்லாரும் ஒரே மாதிரித்தான் வாசிக்கிறோம். முதலில் ஊர், பிறகு வயது, கடைசியாக முகம். வயது நாற்பத்தெட்டு. படத்துக்கு வந்தபோதுதான் அது நான் எடுத்த படம் என்று தெரிந்தது. அவருக்குப் பின்னால் இருந்த ஒட்டுப்பலகைச் சுவரை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நீல வானமும் இரண்டு புறாக்களும் வைத்திருந்தார்கள். சகோதரங்களின் பெயர்கள், அவர்கள் இருக்கும் நாடுகள், மருமக்கள், பெறாமக்கள் எல்லாம் இருந்தன. என்ன வருத்தம் என்பது இல்லை. எங்கள் அறிவித்தல்களில் அது இருப்பதில்லை.

சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டு மேசைக்குத் திரும்பிப் போய்ப் பின்னேரம்வரை வேலை செய்தேன். அந்த அலுவலகத்தில் அவரை அறிந்தவர் ஒருவரும் இல்லை. நானும் யாருக்கும் சொல்லவில்லை.

இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு அவர் போட்டோக்கொப்பி மெஷின் திருத்துபவர். சிலருக்குக் கோயில் ஒலிபெருக்கி கரகரத்தால் ஏணியோடு வருகிறவர். அவர் இன்னொன்றும் செய்தார் என்பது காதில் விழுந்திருக்கும். "உவருக்கு உது ஒரு விளையாட்டு" என்று சிரித்திருப்பீர்கள். அந்த விளையாட்டில் ஆறு வருடம் நானும் கூட இருந்தேன்.

நான் அவரை முதலில் கண்டது ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில், எங்கள் ஆட்களின் ஓவியக் கண்காட்சி ஒன்றில். சுவர் முழுக்கப் பனைமரங்களும் படகுகளும் தொங்கின. மூலையில் இரண்டு கணினித் திரைகளை எதிரெதிரே வைத்துவிட்டு ஒருவர் வியர்த்துக்கொண்டு நின்றார். கோட்டுப் போட்ட பெரியவர் ஒருவர் அவரை மறித்தார்.

"உது என்ன தம்பி, ரெண்டு ரி.வி.யும் ஒண்டையொண்டு பாத்துக்கொண்டு நிக்குது?"

"ஒரே கேள்வியை ரெண்டு நாட்டில இருந்து இன்ரர்நெற்றில கேக்கிறன் அங்கிள். ரெண்டு விதமா மறுமொழி வருது."

"அதுக்கேன் ரெண்டு ரி.வி.? என்ரை வீட்டில ரெண்டு மகள்மாரையும் கேட்டால் காணுமே."

டொமினிக் அண்ணை மற்ற எல்லாரையும்விடக் கூடச் சிரித்தார். பெரியவர் போன பிறகு நான் கிட்டப் போய், வலப்பக்கத் திரை பழைய பக்கத்தையே திரும்பத் திரும்பக் காட்டுகிறது என்றேன். அவர் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "நீர் ஆர்?" என்று கேட்டார். மென்பொருளில் பிழை தேடுவதுதான் என் வேலை என்றேன். "அப்ப இரும்," என்று தான் இருந்த கதிரையைத் தந்தார்.

இதெல்லாம் எதிலிருந்து தொடங்கியது என்று பிறகு ஒருநாள் சொன்னார். கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றிய படம் ஒன்றைச் சமூக வலைத்தளத்தில் போட்டாராம். அடுத்த நாள் படம் இல்லை. ஏன் என்று எழுதிக் கேட்டதற்கு ஒரு இயந்திரம் பதில் எழுதியதாம். அதை வேலையிடத்தில் கூட வேலை செய்த சீன நண்பருக்குச் சொன்னபோது அந்த மனிதர் சிரித்திருக்கிறார். உங்களுக்குப் பரவாயில்லை, எடுத்தது தெரிகிறது. எங்கள் ஊரில் சில வேளை நான் போட்டது எனக்கு மட்டும் தெரியும், வேறு ஒருவருக்கும் தெரியாது, யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று நான் பார்த்துக்கொண்டிருப்பேன் என்றாராம்.

"அண்டைக்குப் படுக்கேக்க அதுதான் யோசனை," என்றார் அண்ணை. "எங்களுக்குள்ளயும் அப்பிடித்தானே. கேட்டாச்செண்டு நினைச்சுக்கொண்டு கதைக்கிறம்."

அந்த யோசனைதான் பிறகு ஒட்டுப்பலகைச் சுவராக வந்தது. விட்பியில் அவரும் ஸ்ரெல்லா அக்காவும் இருந்த வீட்டுக் கராஜில் அதைச் செய்தோம். எட்டடி நீளம், ஆறடி உயரம். இரண்டு பக்கமும் ஒவ்வொரு மேசை, திரை, விசைப்பலகை. உட்கார அக்காவின் சமையலறை நாற்காலிகள் இரண்டு. அதற்காக அக்கா இரண்டு மாதம் எங்களோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஒரு பக்கம் இருப்பவர் எழுதுவது மற்றப் பக்கத் திரைக்குப் போகும். போகும் வழியில் இயந்திரம் ஒரு பட்டியலைப் பார்க்கும். தடுத்த சொல் ஏதும் இருந்தால் அதை எடுத்துவிட்டு ஒரு வெள்ளைக் கட்டத்தை வைக்கும். எந்தச் சொல்லானாலும் கட்டம் ஒரே அளவு. எழுதியவரின் திரையில் மட்டும் அவர் எழுதியது முழுதாக இருக்கும். கீழே "அனுப்பியாச்சு" என்று வரும். படைப்புக்குப் பெயரும் அதுதான்.

இந்த இடத்தில் எங்களுக்குள் பெரிய சண்டை வந்தது. ஒரு சொல்லை எடுத்தால் எழுதியவருக்கு அறிவிப்பதுதான் நியாயம் என்று நான் நின்றேன். அவர் கேட்கவில்லை.

"போட்டோக்கொப்பி மெஷின் பேப்பரை விழுங்கினால் சத்தம் போடும், சிவத்த லைற் எரியும். என்னைக் கூப்பிடுவினம், நான் போய்த் திருத்துவன். சத்தம் போடாமல் விழுங்கிற மெஷினுக்கு ஆரும் என்னைக் கூப்பிடமாட்டினம். நாங்கள் செய்யிறது அந்த மெஷினை."

பட்டியலின் தொடக்கத்தில் சில அரசாங்கங்கள் இணையத்தில் தடுத்ததாகத் தெரிந்த சொற்களைப் போட்டோம். அதற்கு மேல் வருகிறவர்கள் வளர்க்க வேண்டும். போகும்போது ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் சொல்லக்கூடாத சொல் ஒன்றைப் பட்டியலில் போட்டுவிட்டுப் போக வேண்டும். யார் போட்டது என்று பதியாது. போட்டதைத் திருப்பி எடுக்க முடியாது. பட்டியலை நாங்களும் பார்ப்பதில்லை என்று ஒத்துக்கொண்டோம். ஒரு மொழியில் போட்ட சொல்லை மற்ற மொழிகளிலும், எப்படி எழுதினாலும், பிடிக்கும்படி செய்தது என் பங்கு. பல கிழமை எடுத்தது. அதில் எனக்குப் பெருமை இருந்தது.

சுவரின் இரண்டு முனைகளும் திறந்தபடிதான் இருந்தன. எழுந்து நடந்தால் மற்றப் பக்கம். "சுற்றி வரலாம்" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் சீனத்திலும் ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினார். சீன எழுத்தை நண்பர் எழுதிக் கொடுத்ததைப் பார்த்துத் தானே வரைந்தார். ஒரு கோடு பிசகிவிட்டது என்று வந்தவர்கள் சொன்னார்கள். அவர் திருத்தவில்லை.

"எழும்பி நடந்தால் பத்துச் செக்கன்," என்றார். "ஒருத்தரும் நடக்கமாட்டினம், இருந்து பாரும்."

யூனியன்வில்லில் ஒரு சிறிய கலைக்கூடத்தில் அதைச் சென்ற குளிர்காலத்தில் வைத்தார்கள். முதல் கிழமையில் வந்த தம்பதியை மறக்க முடியாது. ஒஷாவாவில் இருந்து வந்தவர்கள். மனைவி இந்தப் பக்கம் இருந்து எழுதினார். கணவர் அந்தப் பக்கம் இருந்து சத்தம் போட்டார்.

"இஞ்சை ஒண்டும் விளங்கேல்லையப்பா. ஒரே கட்டம் கட்டமா வருது."

"எனக்கு முழுக்கத் தெரியுதே. வடிவாப் பாருங்கோ."

"பாத்திட்டன். ஒண்டுமில்லை."

"வீட்டிலயும் உதைத்தானே சொல்லுறியள்."

கலைக்கூடத்தில் நின்ற தமிழ் ஆட்கள் எல்லாரும் சிரித்தார்கள். கணவரும் சிரித்தார். எழும்பி இந்தப் பக்கம் வந்து பார்க்கவில்லை. வெளியே போகும்போதும் அவர் மனைவியிடம் என்ன எழுதினாய் என்று கேட்கவில்லை. டொமினிக் அண்ணை என்னைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினார். முதலாவது ஆள் என்று அர்த்தம்.

இன்னொரு நாள் ஒரே தெருவில் பல வருடம் அடுத்தடுத்த வீட்டில் இருந்த இருவர் தற்செயலாக அங்கே சந்தித்தார்கள். ஒருவர் சீன அம்மையார், மற்றவர் எங்கள் ஆள். அதுவரை பனி அள்ளும்போது கையசைத்ததோடு சரி. இருவரும் எதிரெதிர்ப் பக்கம் இருந்து தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினார்கள். இருவருமே முதலில் எழுதியது சாப்பிட்டாச்சா என்றுதான். அது தடையில்லாமல் போனது. அடுத்ததாக வயதைக் கேட்டார்கள். இரண்டு பக்கமும் கட்டம் வந்தது.

"வயசை ஆரோ வெள்ளைக்காரர் தடுத்திட்டார் போல," என்று அண்ணை என் காதில் சொன்னார். "எங்களுக்கும் சீனருக்கும் அதுதானே முதல் கேள்வி. இனி உவை என்னத்தைக் கதைக்கிறது?"

ஒவ்வொரு நாள் முடிவிலும் இயந்திரம் ஒரு கணக்கு மட்டும் காட்டும்: அரசாங்கங்கள் தடுத்த சொற்களில் எத்தனை பிடிபட்டன, வந்தவர்கள் தடுத்தவற்றில் எத்தனை என்று. முதலாவது அனேகமாகப் பூச்சியம். இரண்டாவது நாளுக்கு நாள் ஏறியது. கடைசிக் கிழமையில் இரண்டு பேர் சுகம் விசாரிப்பதே கடினமாகிவிட்டது. அண்ணை அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு விளக்கை அணைப்பார்.

நானும் ஒரு சொல் போட்டேன். திறப்பு நாளன்று, ஆட்கள் வருவதற்கு முன். நான் போட்ட சொல் புற்றுநோய். எனக்குப் பதினேழு வயதில் அப்பா போனார். பதினொரு மாதம் எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை ஒருவரும் சொன்னதில்லை. வயிற்று வருத்தம் என்றுதான் அம்மா எல்லாருக்கும் சொன்னார். அப்பாவுக்கும் அப்படித்தான் சொன்னார். அப்பா அதை நம்பினாரா, அல்லது எங்களுக்காக நம்புகிற மாதிரி இருந்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. இதை நான் டொமினிக் அண்ணைக்குச் சொன்னதில்லை. அவர் போட்ட சொல்லை நானும் கேட்டதில்லை. ஆறு வருடப் பழக்கத்தில் நாங்கள் ஒருவரிடம் ஒருவர் கேட்காதவை நிறைய. அதைத்தான் நான் நட்பு என்று நினைத்திருந்தேன்.

ஒவ்வொரு நாளும் கதவு திறக்குமுன் இயந்திரத்தைச் சோதிப்போம். நான் அந்தப் பக்கம் போய் இருப்பேன். அவர் இந்தப் பக்கம் இருந்து வாய்க்கு வந்த பொய்யை எழுதுவார். எனக்கு லொத்தரி விழுந்திட்டுது என்பார். எங்கட கூரையில மாடு நிக்குது, கீழ இறங்கமாட்டனெண்டுது என்பார். ஏதாவது ஒரு சொல் பட்டியலில் முட்டிக் கட்டம் வந்தால் சோதனை சரி. நான் எழுதும் பதில் எப்போதும் ஒன்றுதான்: வந்திட்டுது அண்ணை. வேலை செய்யுது.

கடைசிக் கிழமையில் ஒரு செவ்வாய்க்கிழமை. வெளியே பனி கொட்டியது, ஒருவரும் வரவில்லை. பின்னேரம் மூன்று மணியளவில், அன்று காலையிலேயே சோதித்து முடித்திருந்தும், "அங்கால போய் இரும், ஒருக்காப் பாப்பம்," என்றார். போய் இருந்தேன். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. விசைகள் தட்டும் சத்தமும் நிற்கும் சத்தமும் கேட்டது. பிறகு என் திரையில் இரண்டு வரி வந்தது.

எனக்கு ▢ எண்டு சொல்லிப்போட்டினம். அக்காவைத் தவிர ஒருத்தருக்கும் சொல்லேல்லை.

நான் எழுதினேன்: வந்திட்டுது அண்ணை. வேலை செய்யுது.

கொஞ்சம் பொறுத்து "நல்லது" என்று ஒரு சொல் வந்தது.

அந்த இரண்டாவது வரி வழக்கமான பொய்களைப் போல இல்லை என்பது எனக்கு அப்போதே பட்டது. அதைப் பல தடவை வேறு விதமாக நினைவுபடுத்திப் பார்த்திருக்கிறேன். பட்டது என்பதுதான் உண்மை. எழும்பி நடந்தால் பத்துச் செக்கன். நான் நடக்கவில்லை. கேட்டால் அவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். சங்கடம் எனக்குத்தான்.

அன்று அவர் என்னை ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டார். வழக்கமாக இறக்கியதும் போய்விடுவார். அன்று ரயில் வரும்வரை காரை நிறுத்தி, சூடு போட்டுக்கொண்டு கூடவே இருந்தார். கண்ணாடியில் பனி விழுவதையும் துடைப்பான் அதைத் தள்ளுவதையும் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். "நீர் கதையை நீட்டாத ஆள்," என்றார். "அது பெரிய உதவி." வேலையைப் பற்றிச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். ரயில் வந்தது, ஏறினேன்.

கண்காட்சி முடிந்த பிறகு அவரை இரண்டு தடவைதான் கண்டேன். மெலிந்திருந்தார். அக்கா சோறு தருவதில்லை, இலை குழைதான் தருகிறார் என்று பகிடி விட்டார். ஒஷாவாவில் ஒரு நூலகம் சுவரைக் கோடையில் வைக்கக் கேட்டிருந்தது. அதைப் பற்றிக் கதைக்கக் கூப்பிட்டால் "கொஞ்சம் அலுப்பாக் கிடக்கு, பிறகு பாப்பம்," என்பார். அவருக்கு என்னோடு வேலை செய்து சலித்துவிட்டது என்று நினைத்தேன். எனக்குக் கோபம் வந்தால் நான் சண்டை பிடிப்பதில்லை, பேசாமல் இருந்துவிடுவேன். அப்படியே இருந்தேன். அவர் மட்டும் இடையிடையே கழற்றிப்போட்ட மெஷின்களின் உள்ளைப் படம் பிடித்துக் கைபேசிக்கு அனுப்பினார். பழைய படங்கள் என்று இப்போது தெரிகிறது. அப்போது அவர் வேலைக்குப் போகவில்லை. நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டைவிரலைத் திருப்பி அனுப்பினேன்.

மண்டபத்தில் ஸ்ரெல்லா அக்கா என் கையைப் பிடித்து நன்றி சொன்னபோதுதான் அந்தக் கட்டத்துக்குள் இருந்தது என்ன என்று எனக்கு விளங்கியது. அந்தச் சொல்லைப் பிடித்தது என் தடை. அது எப்படி எழுதினாலும் பிடிபடும்படி செய்ததும் நான். அவருடைய திரையில் அவர் எழுதியது முழுதாக இருந்தது. அதற்குக் கீழே அனுப்பியாச்சு என்று இருந்தது. அதற்குக் கீழே என் பதில்.

அடக்கத்துக்குப் பிறகு இரண்டு கிழமை நான் இந்த மலருக்கு எழுதப் பார்த்தேன். அவருடைய ஏணியைப் பற்றி எழுதினேன், பகிடிகளைப் பற்றி எழுதினேன். எதை எழுதினாலும் அக்கா சொன்ன நன்றி நடுவில் வந்து நின்றது. அவர் என்னை ஒரு நல்ல மனுசி என்று நம்பிக்கொண்டிருக்கிறார். உண்மையைச் சொன்னால் தம்பியைப் பற்றி அவருக்கு மிஞ்சியிருக்கும் ஒரு ஆறுதலை நான் எடுத்துவிடுவேன். சொல்லாவிட்டால் அந்த நன்றியை நான் திருடியதாகும்.

ஒஷாவா நூலகம் கேட்டிருந்தபடி அங்கே சுவரை வைத்தேன். தனியாகத்தான். காலையில் சோதிக்கும்போது ஒரு பக்கம் இருந்து எழுதிவிட்டு நானே சுற்றிப் போய் மற்றப் பக்கத்தில் பார்த்தேன். கடைசி நாள் ஸ்ரெல்லா அக்கா வந்தார். யூனியன்வில்லில் வைத்தபோது வேலையில் லீவு கிடைக்காமல் வரமுடியாமல் போனதாம். தன் சமையலறை நாற்காலியை அடையாளம் கண்டு தடவிப் பார்த்தார்.

"அவன் எந்தப் பக்கம் இருக்கிறவன்?"

காட்டினேன். இருந்தார். "நீரும் உம்மடை இடத்தில போய் இரும்," என்றார். போய் இருந்தேன். அவர் ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுவது கேட்டது. என் திரையில் வந்தது:

தம்பி தனக்கு ▢ எண்டு உமக்கு எழுதினது இதிலயோ

விசைப்பலகையில் கை வைத்தேன். எடுத்தேன். எழும்பிச் சுவரின் முனையைச் சுற்றி நடந்து அவருக்குப் பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"அக்கா, அண்ணை எழுதினது எனக்கு வரேல்லை."

"வரேல்லை எண்டால்?"

"அந்தச் சொல்லை முதல் நாளே நான்தான் தடுத்து வைச்சனான். அப்பாவுக்கு வந்ததும் அதுதான். அண்ணை எழுதினதில அந்த இடத்தில வெறும் கட்டம்தான் இருந்தது. நான் அதைப் பாத்திட்டு வேலை செய்யுதெண்டு எழுதினனான். எனக்குத் தெரியாது அக்கா. நீங்கள் மண்டபத்தில சொல்லும்வரைக்கும் எனக்கு ஒண்டும் தெரியாது."

அவர் தன் திரையைப் பார்த்தார். அதில் அவர் எழுதியது முழுதாக இருந்தது. எழும்பினார். மெல்லச் சுற்றிப் போய் என் திரைக்கு முன்னால் நின்றார். நான் குந்தியிருந்த இடத்திலேயே இருந்தேன். சுவருக்கு மேலால் அவருடைய குரல் வந்தது.

"அவன் இப்பிடி வருமெண்டு அறியானோ?"

"அண்ணை பட்டியலைப் பாக்கேல்லை. நானும் பாக்கேல்லை."

"மண்டபத்தில ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் நன்றி சொன்னீங்கள்."

அவர் என் நாற்காலியை இழுத்து இருக்கும் சத்தம் கேட்டது.

"அவன் நிம்மதியா இருந்தவன், பிள்ளை. அது பொய்யில்லை. அதை நீர் குடுத்தீரோ உந்தப் பெட்டி குடுத்துதோ எனக்குத் தெரியாது." பிறகு சொன்னார்: "ஆனால் கடைசி மாதம் ஆஸ்பத்திரியில ஒவ்வொருக்காலும் கதவு திறக்கேக்க திரும்பிப் பாப்பான். வருவாள் எண்டு சொல்லேல்லை. ஆரெண்டும் சொல்லேல்லை. நீர் தெரிஞ்சும் வரேல்லை எண்டு எனக்கு உம்மில ஒரு மனத்தாங்கல் இருந்தது. அதை மறைச்சுக்கொண்டுதான் நன்றி சொன்னனான்."

இந்தப் பக்கம் திரும்பி வந்தார். கண் துடைத்திருந்தார். என்னைக் கையில் பிடித்து எழுப்பினார்.

"மலரில எழுதும். என்ன வருத்தமெண்டும் எழுதும். ஒருத்தருக்கும் சொல்லாமல் சொல்லாமல் நானும் களைச்சுப் போனன்."

ஆகவே எழுதுகிறேன். டொமினிக் அண்ணைக்குப் புற்றுநோய். பெப்ரவரியில் அவருக்குத் தெரியும். ஜூனில் போனார். அவர் அதை வெளியாட்களில் ஒருவருக்குச் சொல்ல முயன்றார். அது வந்து சேரவில்லை.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த அட்டை. மூன்று மொழியில் சுற்றி வரலாம் என்று எழுதி, ஒரு கோடு பிசகியது. வேலையிடத்தில் என் திரைக்குக் கீழே ஒட்டியிருக்கிறேன். என்னவென்று கேட்டவர்களுக்கு, இறந்துபோன என் நண்பர் எழுதியது என்று சொல்கிறேன்.

ஒஷாவாவில் அந்தக் கடைசி நாள் மூன்றரை மணிக்குப் பட்டியலை அழித்தேன். அவர் போட்ட சொல் எதுவென்று பார்க்கவில்லை. நாலு மணிக்கு நூலகத்து ஊழியர் இருவர் வந்து சுவரை நான்கு துண்டாகக் கழற்றினார்கள். அக்கா இரண்டு நாற்காலிகளையும் தன் காரின் பின் இருக்கையில் ஏற்றினார். என்னை ஒஷாவா ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டு விட்பிக்குப் போனார். ரயிலுக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.